குலுக்கல் சதுக்கத்தில் பெற்றோர் நிற்கும் இடம்

சூசன் கொலின்ஸ் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே மாவட்டம் 12இன் சதுக்கத்தில் ஊர் திரண்டு நிற்கிறது. 12 வயது முதல் 18 வயது வரையான பிள்ளைகள், கயிறு கட்டிப் பிரித்த பகுதிகளுக்குள் வயதுவாரியாக நிறுத்தப்படுகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் எழுதிய சீட்டுகள் இரண்டு கண்ணாடிக் கலசங்களில் கிடக்கின்றன. சீட்டில் பெயர் வரும் ஒரு பெண் பிள்ளையும் ஓர் ஆண் பிள்ளையும், ஏனைய மாவட்டங்களிலிருந்து வரும் 22 பிள்ளைகளோடு சேர்ந்து, நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்திருக்க ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை 14 வயதில் வாசிக்கும் பிள்ளையின் கண் அந்தக் கயிற்றுக்கு உள்ளே நிற்கிறது. அதையே 44 வயதில் வாசித்த எனக்குக் கண்ணில் பட்டது, அதிகம் பேசப்படாத வேறொரு விவரம். சதுக்கத்தின் ஓரங்களில், கயிற்றுக்கு வெளியே, பிள்ளைகளின் குடும்பத்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பற்றிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். கொலின்ஸ் அவர்களுக்கு அந்த இடத்தில் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வரிதான்.

இளையோருக்கென எழுதப்படும் டிஸ்டோபியா நாவல்களை, அதாவது கொடிய எதிர்காலச் சமூகங்களைக் கற்பனை செய்யும் கதைகளை, வளர்ந்தவர்கள் ஏன் விரும்பி வாசிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழமையாகச் சொல்லப்படுகின்றன. இழந்த இளமையைத் திரும்பப் பிடிக்கும் ஆசை என்பது ஒன்று. கனமான புத்தகத்தைத் தூக்க மனமில்லாத சோம்பல் என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. என்றாலும் என் அனுபவத்துக்கும், கொழும்பில் என்னைப் போலவே இந்தப் புத்தகங்களைப் பிள்ளைகளின் மேசையிலிருந்து எடுத்து வாசிக்கும் சிலருடைய அனுபவத்துக்கும் அவை பொருந்திவரவில்லை. நாங்கள் இந்தக் கதைகளைச் சதுக்கத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு வாசிக்கிறோம் என்றே நினைக்கிறேன். பதினாறு வயதுப் பெண்ணோடு காட்டுக்குள் ஓடும் விறுவிறுப்பும், அவளை அங்கே அனுப்பிவைத்த கூட்டத்தில் ஒருவராக நிற்கும் கூச்சமும் ஒரே வாசிப்பில் சேர்ந்து கிடைக்கின்றன. அந்தக் கலவைதான் ருசி.

சொல்லைக் கொஞ்சம் விளக்கிவிட்டு மேலே போகலாம். தோமஸ் மோர் 1516இல் தாம் கற்பனை செய்த தீவுக்கு 'யூடோபியா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்கு 'இல்லாத இடம்' என்று பொருள். 1868இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய அரசின் கொள்கையைத் தாக்கிப் பேசிய ஜோன் ஸ்டுவர்ட் மில், அதைத் தலைகீழாகத் திருப்பி, 'கெட்ட இடத்துக்காரர்' என்ற பொருள்படும் 'டிஸ்டோபியன்ஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தமிழில் இதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு சொல் இன்னும் நிலைக்கவில்லை. ஆகவே டிஸ்டோபியா என்றே எழுதுகிறேன்.

வளர்ந்தோருக்கான டிஸ்டோபியாவுக்கும் இளையோருக்கான டிஸ்டோபியாவுக்கும் உள்ள வேறுபாடு இரத்தத்தின் அளவில் இல்லை; அது கதைநாயகரின் வயதில் இருக்கிறது. 1949இல் வெளிவந்த ஓர்வெலின் '1984' நாவலில் வின்ஸ்டன் ஸ்மித்துக்கு 39 வயது. அந்த அமைப்புக்குள் பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டவர், அதன் அலுவலகத்திலேயே சம்பளம் வாங்குபவர், கடைசியில் அதனிடமே தோற்றுப்போகிறவர். இளையோர் நாவல்கள் கதையை அதற்கு மிக முன்னதாக, அமைப்பு ஒரு பிள்ளையை முதன்முதலாகக் கையில் எடுக்கும் நாளில் தொடங்குகின்றன. லோயிஸ் லோரி 1993இல் எழுதிய 'தி கிவர்' நாவலில் 12 வயதுச் சடங்கின்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் வாழ்நாள் தொழில் அறிவிக்கப்படுகிறது. வெரோனிகா ரோத் 2011இல் வெளியிட்ட 'டைவர்ஜென்ட்' நாவலில் 16 வயதில் ஒரு பரீட்சையும் அதன்பின் ஒரு தெரிவும் வருகின்றன. அந்த நாள்வரை காற்றைப்போலக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த விதி, அன்றைக்கு ஒரு மேசையாகவும் ஒரு பெயர்ப்பட்டியலாகவும் உருவெடுத்துப் பிள்ளையின் முன்னால் நிற்கிறது. அதை அவள் புதிதாகப் பார்க்கிறாள். நாங்களோ அதைப் பார்த்துப் பழகியவர்கள். பழகிய ஒன்றைப் பழகாத கண்ணால் திரும்பப் பார்ப்பதில் ஒரு தனி அதிர்ச்சி இருக்கிறது.

வளர்ந்தவர்கள் இந்த நூல்களை மொய்ப்பது வெறும் ஊகமல்ல. பௌக்கர் நிறுவனம் 2012இல் அமெரிக்காவில் வெளியிட்ட சந்தை ஆய்வு, 12 முதல் 17 வயது வரையானோருக்கென்று பதிப்பாளர்கள் வகைப்படுத்திய நூல்களை வாங்குவோரில் 55 வீதமானோர் 18 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் என்று கண்டது. அவர்களிலும் 30 முதல் 44 வயது வரையானோரே பெரிய கூட்டம். பெரும்பாலானோர் தமக்கே தமக்காகத்தான் வாங்குகிறார்கள். இரண்டு ஆண்டுகளின் பின், 2014 ஜூனில், ஸ்லேட் இதழில் ரூத் கிரஹாம் எழுதிய கட்டுரை, பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதை வாசிக்கும் வளர்ந்தவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று வாதிட்டுப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அவருடைய வாதத்தின் மையம், இந்த நூல்கள் முடிவுகளை எளிதாகக் கட்டி முடித்துவிடுகின்றன, வளர்ந்தோர் இலக்கியம் தரும் தெளிவின்மையை இவை தருவதில்லை என்பதாகும். பல நூல்களுக்கு அது உண்மைதான். ஆனால் அவர் முதன்மையாகக் குறிவைத்தது காதலும் நோயும் பேசும் யதார்த்த நாவல்களையே. டிஸ்டோபியாவை அதே கூடைக்குள் போட முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

வெட்கம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் தமிழ்மொழி மூலம் படித்து, வேலைக்குப் போன பிறகு ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் எங்களுக்கு இந்த நூல்கள் கைக்கு வந்த வழி மிகவும் நடைமுறை சார்ந்தது. அவற்றின் ஆங்கிலம் எங்களுக்கு எட்டுகிறது. வாக்கியங்கள் குறுகியவை, கதை சொல்பவள் தன் வாயால், நிகழ்காலத்தில், இப்போது நடக்கிறதுபோலச் சொல்கிறாள், அகராதியைத் திறக்காமல் 20 பக்கம் போய்விடலாம். மருதானையில் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரமாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் நான் வாங்கிய பிரதியின் உள்ளட்டையில், கடைக்காரர் பென்சிலால் எழுதிய விலைக்கு மேலே, முந்தைய சொந்தக்காரப் பிள்ளை தன் பெயரையும் வகுப்பையும் நீல மையால் எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு போட்டிருந்தது. பஸ்ஸில் அதை விரிக்கும்போது அட்டையை உட்பக்கமாக மடித்துப் பிடித்துக்கொள்வேன். ஆங்கிலம் பழகுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு தொடங்கிய வாசிப்பு, மூன்றாவது நாள் இரவு ஒரு மணிக்கு, மறுநாள் வேலை இருப்பதையும் மறந்து தொடர்ந்தபோதுதான் சமாதானம் கிழிந்தது.

அந்த ஒரு மணிக்கும் காரணம் உண்டு. கொலின்ஸ் நாவலாசிரியராவதற்கு முன் சிறுவர் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதியவர். அத்தியாயத்தை எந்த இடத்தில் வெட்டினால் பார்வையாளர் எழுந்து போகமாட்டார் என்று அவருக்குத் தெரியும். தமிழ் வாசகர்களுக்கு இது புதிய வித்தையன்று. வாரப் பத்திரிகையின் கடைசிப் பத்தியில் கத்தி ஓங்கிய கையோடு 'தொடரும்' என்று முடியும் கதைகளில் வளர்ந்த தலைமுறைகள் நாங்கள். சொல்லப்போனால், வயதைப் பார்த்துப் புத்தகத்தைப் பிரிக்கும் பழக்கமே எங்களிடம் அதிகம் இருந்ததில்லை. அம்புலிமாமாவிலிருந்து முத்து காமிக்ஸுக்கு, அங்கிருந்து நேராக வீட்டில் கிடக்கும் தொடர்கதைக்கு என்றுதான் எங்கள் பாதை போனது; நடுவில் 'இளையோர்' என்று எழுதிய அலுமாரி எதுவும் இருக்கவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வந்தபோது, குழந்தை பெறுவதற்குக்கூட அரசின் அனுமதி வேண்டிய ஓர் எதிர்கால தேசத்தின் கதையை, ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகப் பிள்ளைகளும் மற்றவற்றுக்காகப் பெரியவர்களும் ஒரே பிரதியில் வாசித்தார்கள். அது யாருக்கான கதை என்று எவரும் கேட்கவில்லை. அந்த வகையில் பார்த்தால் எங்களுக்கு வெட்கமே இறக்குமதிதான்.

கதையின் வேரும் நமக்கு அந்நியமானதன்று. மினோட்டோர் என்னும் மிருகத்துக்கு இரையாக ஏதென்ஸ் நகரம் தன் பிள்ளைகளை அனுப்பிவைத்த கிரேக்கக் கதையும், ஒரே இரவில் தொலைக்காட்சியில் மாறி மாறிப் பார்த்த போட்டி நிகழ்ச்சியும் ஈராக் போர்க் காட்சிகளும் தன் மனத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டதாகக் கொலின்ஸ் சொல்லியிருக்கிறார். நமக்கு அந்த இடத்தில் பகாசுரன் நினைவுக்கு வருவான். ஏகசக்கர நகரத்தில் முறை வைத்து வீட்டுக்கு ஒருவராக, வண்டி நிறையச் சோற்றோடு அசுரனிடம் போக வேண்டும். பாண்டவர்கள் தங்கியிருந்த வீட்டின் முறை வந்தபோது, தகப்பன் நான் போகிறேன் என்கிறார். தாய் நான் என்கிறாள். மகள் நான் என்கிறாள். பேச்சுத் திருந்தாத சின்ன மகன் ஒரு புல்லைப் பிடுங்கிக் காட்டி, இதால் நான் அவனைக் கொன்றுவிடுவேன் என்கிறான். தங்கை பிரிம்மின் பெயர் சீட்டில் வந்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, அவளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று கத்தும் கதைநாயகி கட்னிஸ், அந்த வீட்டுப் பிள்ளை மாதிரியே எனக்குத் தெரிந்தாள். ஒரே ஒரு வேறுபாடு பெரியது. மகாபாரதத்தில் பெரியவர்கள் முந்திக்கொள்கிறார்கள். கொலின்ஸ் கற்பனை செய்த பானெம் தேசத்தில் பெரியவர்கள் முந்திக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

குலுக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரமேரூரின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் விவரிக்கும் குடவோலை முறையில், ஊர்ச் சபைக்குத் தகுதியுள்ள பெரியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். குழந்தையின் கை கள்ளமறியாதது என்ற நம்பிக்கை அதில் இருந்தது. பானெமில் தலைநகரிலிருந்து வரும் ஒரு பெரியவரின் கை, பிள்ளைகளின் பெயரை எடுக்கிறது. முன்னது பதவிக்கு, பின்னது சாவுக்கு.

அந்தக் கலசத்துக்குள் சீட்டுகள் எப்படிச் சேர்கின்றன என்பதை நாவல் விளக்கும் பக்கம்தான், என் மதிப்பில், முழுத் தொடரிலும் மிகவும் வளர்ந்தவர்களுக்கான பக்கம். 12 வயதில் ஒரு சீட்டு, 13இல் இரண்டு என்று வளர்ந்து 18 வயதில் ஏழு சீட்டுகள் விழும். இது எல்லோருக்கும் பொது. ஆனால் பசியிருக்கும் வீட்டுப் பிள்ளை கூடுதலாகத் தன் பெயரைப் போட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒருவருக்கு ஓராண்டுக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சீட்டுகளும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். கட்னிஸ் 12 வயதிலிருந்து தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக ஆண்டுக்கு மூன்று வாங்கியிருக்கிறாள். ஆகவே 16 வயதில் பொதுச் சீட்டு ஐந்தோடு உணவுச் சீட்டு 15 சேர்ந்து 20 ஆகிறது. ஐந்து பேருக்கு வாங்கும் அவளுடைய நண்பன் கேலுக்கு 18 வயதில் 42. தங்கை பிரிம்முக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் வருகிறது. கொடுமை என்று கூவாமல், ஒரு கூட்டல் கணக்கைக் கொண்டே கொலின்ஸ் ஒரு அரசைக் காட்டிவிடுகிறார். யாரையும் அடித்து இழுக்கத் தேவையில்லை. பசி அவர்களைப் படிவத்துக்கு அழைத்து வந்துவிடும்.

இலங்கையில் இருக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு கற்பனையாகத் தோன்றாது. என் அம்மம்மா கடைசிவரை அரிசியைப் பற்றிப் பேசும்போது 'கூப்பன்' என்ற சொல்லை விடவில்லை. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் 1942இல் வந்த பங்கீடு பல தசாப்தங்கள் நீடித்த நாடு இது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றப்பட்டபோது ஹர்த்தால் வெடித்த நாடு. என் மகளின் தலைமுறைக்கு அந்த இடத்தில் 2022இன் பொருளாதார நெருக்கடி இருக்கிறது. ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் போனது. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. எங்கள் ஒழுங்கையின் முகப்பில் வெறும் கேஸ் சிலிண்டர்கள், ஆட்களுக்குப் பதிலாக, ஒரே நீளச் சங்கிலியால் கோக்கப்பட்டு இரவிரவாக வரிசையில் நின்றன. ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று தொடங்கினார்கள். வரிசையைவிட அது எவ்வளவோ நியாயமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கீடு என்றாலே கொடுங்கோன்மை என்று எழுதுவது சோம்பல். ஆனால் எதற்கு எவ்வளவு என்று ஓர் எண் எங்கள் தலைக்கு மேலே எங்கோ தீர்மானிக்கப்பட்டு, கைபேசித் திரையில் வந்து விழுவதை நாடு முழுவதும் ஒரே கிழமையில் பார்த்தது.

'மாவட்டம்' என்ற சொல்லுமே இங்கே வேறு எடை உடையது. அமெரிக்க வாசகருக்கு அது ஒரு கற்பனைப் பிரிவு. இலங்கைத் தமிழ் வாசகருக்கோ அது உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. 1970களின் தொடக்கத்தில் வந்து, பல்கலைக்கழகம் போகத் தமிழ்மொழி மூலப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தலின் தழும்பு ஆறாத சமூகத்துக்கு இந்தச் சதவீதங்கள் பாடப்புத்தகச் செய்தியாக இருக்க முடியாது. அதே வேளை, முல்லைத்தீவிலிருந்து வைத்தியராகப் போகும் பிள்ளைக்கு அந்த 55 வீதம் கதவைத் திறந்துவிடுகிறது என்பதும் உண்மை. பானெமில் மாவட்டம் ஒரு தண்டனை. நமக்கு அது தண்டனையாகவும் சலுகையாகவும் மாறி மாறி இருந்திருக்கிறது. இந்த இடத்தில் நாவல் நம் யதார்த்தத்தைவிட எளிமையானது என்றே சொல்வேன்.

இன்னொரு ஒப்பீட்டைத் தவிர்க்க முடியாது. அதைச் செய்வதில் எனக்கு மகிழ்ச்சியும் இல்லை. 'வீட்டுக்கு ஒருவர்' என்ற சொற்றொடரைப் பகாசுரன் கதைக்கு மட்டும் உரியதாக வைத்திருக்கும் வாய்ப்பு வன்னியில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. போரின் கடைசி ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் அங்கே வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகக் கேட்டார்கள். பிள்ளைகளைப் பதுங்குகுழிகளில் ஒளித்துவைத்த பெற்றோரும், ஆள்சேர்ப்புக்குத் தப்பவென்று வயது வருமுன் கலியாணம் கட்டிவைத்த பெற்றோரும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கொழும்பில் இருந்த எங்களுக்கு அச்சம் மறுபக்கத்திலிருந்து வந்தது: சோதனைச் சாவடி, ஆட்களைக் கடத்திப்போன வெள்ளை வான், பொலிஸ் பதிவு. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போது வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த நான், பொலிஸ் பதிவுத் தாளை நாலாக மடித்து, அடையாள அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பேன். மடிப்பில் எழுத்து அழிந்துவிடக் கூடாதே என்று மாதத்துக்கொரு தடவை மடிப்பை மாற்றுவதும் உண்டு. இந்தப் பின்னணியோடு ஒருவர் இந்த நாவல்களை வாசிக்கும்போது, எதிர்காலம் பற்றிய கதை என்று பின்னட்டையில் எழுதியிருப்பது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

'டைவர்ஜென்ட்' தொடர் எழுத்தில் 'ஹங்கர் கேம்ஸ்' தொடரைவிடப் பல படி கீழே என்பது என் கணிப்பு. ஐந்து குணங்களுக்கு ஐந்து பிரிவு என்ற கணக்கு சமூகமொன்றை விளக்கப் போதாது. படங்களும் 2016ஆம் ஆண்டுப் படத்தின் தோல்வியோடு, கடைசிப் பாகம் எடுக்கப்படாமலே நின்றுபோயின. ஆனால் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு, 16 வயதில், கணிதமா உயிரியலா வர்த்தகமா கலையா தொழில்நுட்பமா என்று தெரிவுசெய்து, அதன்பின் திரும்பிவர வழியில்லாமல் போகும் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்கள், கதையின் பலவீனத்தை மன்னித்துவிடக் கூடும். நான் மன்னித்தேன்.

இனி, ஓரத்தில் நிற்பவர்களுக்கு வருவோம். இந்த வகை நாவல்களில் பெரியவர்கள் மூன்று விதமாகவே வருகிறார்கள். முதலாவது, உடைந்தவர்கள். சுரங்க வெடிப்பில் கணவன் இறந்ததும் கட்னிஸின் தாய் வாய் திறக்காமல் கட்டிலில் கிடக்க, 11 வயது மகள் வீட்டுக்குச் சோறு தேடப் போகிறாள். இரண்டாவது, ஒரு காலத்தில் அதே விளையாட்டில் தப்பிப் பிழைத்து, இப்போது குடித்துவிட்டு மேடையிலிருந்து விழும் ஹேமிட்ச் போல, தெரிந்த உண்மையைத் தாங்க முடியாதவர்கள். மூன்றாவது வகைதான் மிகவும் பயங்கரமானது: நல்லவர்கள். 'தி கிவர்' நாவலில் கதைநாயகன் ஜோனாஸின் தகப்பன் குழந்தைகளைப் பராமரிக்கும் தொழில் செய்பவர். இரவுகளில் அழும் கைக்குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளும் அளவுக்கு இளகிய மனம். இரட்டைக் குழந்தைகளில் நிறை குறைந்ததற்கு அதே மனிதர் கொஞ்சும் குரலில் பேசியபடியே ஊசி ஏற்றிக் கொல்வதை, மகன் ஒளிப்பதிவில் பார்க்கிறான். தகப்பனுக்கு அது கொலை என்றே தெரியாது. வேலை என்றுதான் தெரியும். 12 வயது வாசகர் இந்தக் காட்சியில் தகப்பனை இழக்கிறார். வளர்ந்த வாசகரோ தன் அலுவலகத்தில் அன்று காலை கையெழுத்திட்ட கோப்பு எது என்று ஒரு கணம் யோசிக்கிறார். இந்த நூல்கள் எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன. பிள்ளையே வழக்கறிஞர், வாதம் தெளிவு, நாங்கள் குறுக்கே பேச முடியாது. வேறெங்கும் இதைப் பொறுத்துக்கொள்ளமாட்டோம். புத்தகத்தில் பொறுத்துக்கொள்வதோடு, விரும்பவும் செய்கிறோம்.

ஓரத்தில் நிற்பவர்கள் ஒரேயடியாகச் சும்மாவும் நிற்கவில்லை. கட்னிஸ் தங்கைக்குப் பதிலாக மேடையேறியதும், கைதட்டும்படி சொல்லப்பட்ட கூட்டம் கைதட்ட மறுக்கிறது. பிறகு ஒருவர் பின் ஒருவராக, இடது கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறார்கள். மரண வீடுகளில் மட்டும் எப்போதாவது காணக்கூடிய பழைய வழக்கம் அது என்றும், நன்றி, மதிப்பு, நேசிப்பவருக்கு விடை கொடுத்தல் ஆகிய மூன்றும் அதன் பொருள் என்றும் நாவல் சொல்கிறது. 2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், பாங்கொக் வீதிகளில் மக்கள் காட்டியது இந்தச் சைகையைத்தான். அதைக் காட்டியதற்காகக் கைதுகளும் நடந்தன. 2021 பெப்ரவரியில் மியன்மாரில் ஆட்சி கவிழ்க்கப்பட்டபோது அது அங்கேயும் போனது. நாவலில் வில்லும் அம்பும் இருக்கின்றன, தீப்பிடிக்கும் உடை இருக்கிறது, சின்னமான பறவை இருக்கிறது. நிஜ உலகம் எடுத்துக்கொண்டது வேடிக்கை பார்க்க நிறுத்தப்பட்டவர்களின் சைகையை. அது தற்செயலாக இருக்காது என்று நினைக்கிறேன். வீதியில் நிற்பவர்களுக்கு அம்பு எய்யத் தெரியாது, விரலை உயர்த்தத் தெரியும்.

2010இல் வந்த மூன்றாம் நூலைப் பற்றி என் மகளும் நானும் இன்றுவரை உடன்படவில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. 'அம்மா, வெல்லுறாவே, பிறகும் ஏன் இப்பிடி முடியுது?' என்பது அவளுடைய வழக்கு. முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தலைநகரின் பிள்ளைகள் அடைத்து வைக்கப்பட்ட இடத்தில் குண்டுகள் விழுகின்றன. உதவிக்கு மருத்துவர்கள் ஓடிவந்த பிறகு எஞ்சிய குண்டுகள் வெடிக்கின்றன. அதில் பிரிம் சாகிறாள். அதை வீசியது எதிரியா, விடுதலைப் படையா என்ற கேள்விக்கு வரும் விடையின் திசை வாசகரை உலுக்கும். வென்ற தரப்பின் தலைவி, பழிக்குப் பழியாகத் தலைநகரின் பிள்ளைகளைக் கொண்டு கடைசியாக ஒரு தடவை அதே விளையாட்டை நடத்தலாமா என்று, தப்பிப் பிழைத்தவர்களிடம் வாக்குக் கேட்கிறாள். கட்னிஸ் ஆம் என்கிறாள். பின்னர் தோற்ற கொடுங்கோலனுக்கென்று தரப்பட்ட அம்பை அந்தத் தலைவிமேல் எய்கிறாள். அந்த 'ஆம்' தந்திரமா, துயரமா, உண்மையான பழியுணர்ச்சியா என்று நாவல் விளக்குவதில்லை. முடிவுகள் எளிதாகக் கட்டப்படுகின்றன என்ற குற்றச்சாட்டை இந்த இடத்தில் எப்படிப் பொருத்துவது? நமக்காகப் போராடுகிறோம் என்றவர்களும் நம் பிள்ளைகளைக் கணக்கில் வைத்தவர்களும் ஒருவரே என்று அறிய நேர்ந்த ஒரு சமூகத்தில், இந்த அத்தியாயத்தை நான் இரண்டு நாள் எடுத்துத்தான் வாசித்து முடித்தேன்.

2008இல் 13 வயதாக இருந்தவருக்கு 2025இல் 30 வயது. கொலின்ஸும் அதைக் கவனித்திருக்க வேண்டும். 2020இல் வந்த முன்கதை, பின்னாளில் கொடுங்கோலனாகப் போகும் ஸ்னோவை 18 வயதுப் பையனாகக் காட்டியது. 2025 மார்ச்சில் வந்த நூல், 16 வயது ஹேமிட்ச் விளையாட்டுக்குள் தள்ளப்படும் குலுக்கல் நாளிலிருந்து தொடங்குகிறது. ஆங்கிலத்தில் மட்டும் முதல் கிழமையில் 15 இலட்சம் பிரதிகள் விற்றதாகப் பதிப்பகம் அறிவித்தது. முதல் நூலில் மேடையிலிருந்து விழுந்து சிரிப்புக்கு இடமான குடிகாரரும் ஒரு காலத்தில் கயிற்றுக்கு உள்ளே நின்ற பிள்ளை. அவர் எதிர்த்ததும், அந்த எதிர்ப்பின் தடம் ஒளிபரப்பிலிருந்து வெட்டி எறியப்பட்டதும் வாசகருக்கு 17 ஆண்டுகள் கழித்துத்தான் முழுமையாகத் தெரியவருகின்றன. ஓரத்தில் நின்றவர்களுடைய மௌனத்துக்குக் காரணம் கேட்கும் பொறுமை தொடருக்கே வயதானபின்தான் வந்திருக்கிறது.

அந்த நூலை இம்முறை மகள்தான் முதலில் வாசித்தாள். நான் அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன். அவள் சாதாரண தரம் எழுதி, பெறுபேறும் வந்துவிட்டது. உயர்தரத்துக்கான விண்ணப்பப் படிவம் சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலின் கீழ் பறக்காமல் கிடக்கிறது. பாடப் பிரிவு என்ற இடத்தில் பென்சிலால் ஒன்றை எழுதி, அழித்து, வேறொன்றை எழுதியிருக்கிறாள். அழித்த எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அவளுடைய பெயருக்குக் கீழே, புள்ளிக்கோட்டுக்கு அடியில், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம் என்று அச்சடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.